வேனுக்கும் வேண்டும் இரண்டு தண்ணீர்

தீபாவளி முடிந்த கையோடு எங்கள் சாத்தூர் பக்கம் பயர் ஆபீஸ்கள், அதாவது பட்டாசு ஆலைகள், கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும். அதுவரை ஆள் ஏற்றி இறக்கிய வேன்களுக்கு அப்போதுதான் வேறு சோலி வரும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை, இல்லையென்றால் ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. அச்சங்குளம், வெம்பக்கோட்டை, சாத்தூர் எங்கிருந்து கிளம்பினாலும் வேன் கூரையில் அண்டா, அடுப்பு, பாய்ச் சுருட்டு, நடுவில் ஒரு தண்ணீர் டேங்க் இருக்கும். கேரவன் என்றால் நமக்கு சினிமா நடிகர்கள் ஞாபகம்தான் வரும். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. சமைத்து, குளித்து, படுத்து எழுந்து ஊர் சுற்றும் வண்டி நம்மிடம் அதற்கு வெகுநாள் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் டூர் வேன் என்போம்.

அச்சங்குளம் என்ற பெயரை வெளியூரார் கேட்டது 2021 பிப்ரவரி 12 பட்டாசு ஆலை வெடி விபத்தில். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அந்தத் துக்கத்தை இங்கே யாரும் லேசாகப் பேசுவதில்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் அன்றாடக் கவலை தண்ணீர். வைப்பாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். போர்வெல்லில் வருவது பல இடத்தில் உப்பு. அதனால் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்ட பிள்ளை முதுகில் ஒன்று வாங்காமல் தப்பாது.

இவ்வளவு கறாரான ஆட்கள் வேனில் ஏறியதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். ஒரே டேங்க், ஒரே குழாய். கால் கழுவுவதும் அதில்தான், அரிசி களைவதும் அதில்தான். வழியில் எந்த ஊர் மோட்டாரில் பிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லாமல் போனால், ஹோட்டல் சட்னி மேல் பழி.

எங்கள் வேனில் நான் முதலில் செய்தது பிரித்து வைத்ததுதான். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் போதும். பதினைந்து பேருக்கு 75 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. அதைப் பின்சீட்டுக்குக் கீழே படுக்காமல் நிறுத்திக் கட்டிவிடலாம். டேங்க் தண்ணீர் கழுவ மட்டும்.

அடுத்து, அந்த டேங்கைப் பெரிதாக்க ஆசைப்பட்டேன். டிரைவர் தம்பி ஒரே போடாகப் போட்டான்: “அண்ணாச்சி, ஐந்நூறு லிட்டர்னா அரை டன்னு. அதைத் தலைல வச்சுக்கிட்டு ஆரியங்காவு வளைவுல நீங்களே ஓட்டுங்க.” முழுசாக நிறைந்த டேங்க்கூடப் பரவாயில்லை, பாதி காலியானதுதான் வில்லங்கம். வளைவில் தண்ணீர் ஒருபக்கமாக ஓடி வண்டியையும் இழுக்கும். 200 லிட்டரோடு நிறுத்திக்கொண்டோம்.

டேங்க் வாங்கும்போது வெயில் ஊடுருவாத நிறமாகப் பாருங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். ஊரில் ஒரு டேங்கைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. சுவரில் விரலை வைத்து இழுத்தால் வழவழவென்று கஞ்சி ஆடை மாதிரி வந்தது. அடியில் அரை விரல் உயரத்துக்கு வண்டல். வெளியே போகும் குழாய் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் வண்டல் தானாக ஒருநாளும் போகாது. அடியிலேயே இன்னொரு துளை போட்டு மூடி வைத்தால், திறந்துவிட்டதும் எல்லாம் வெளியேறும்.

கழுவுவதற்கு பிளீச்சிங் பவுடர் போதும். ஆனால் நம் ஆட்கள் அதை அள்ளிப் போடுகிறார்கள். பட்டாசு மருந்து கலக்கும் ஊரில், கிராம் பிசகினால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள் இதில் மட்டும் கைப்பிடிக் கணக்குப் பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். 200 லிட்டர் டேங்குக்கு 30 கிராம். தனி வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, குழாயிலும் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கொட்டிவிட்டு இரண்டு தடவை அலசவேண்டும். முதலில் தேய்த்து வழவழப்பை எடுக்காமல் இதைச் செய்தால் பிரயோஜனமில்லை, குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும்.

குழாய் விஷயத்தில் ஒன்றே ஒன்று. டேங்கிலிருந்து நேரே பிவிசி பைப்பை ஒட்டாதீர்கள். குலுங்கலில் முதல் நாளே எல்போ விட்டுப்போகும். நடுவில் ஒரு முழம் ரப்பர் ஹோஸ் வைத்துக் கிளிப் போட்டு இறுக்குங்கள். குடிதண்ணீர் தரம் என்று அச்சடித்த ஹோஸ் வாங்குங்கள், தோட்டத்து ஹோஸ் வெயிலில் நாறும். கூரை டேங்குக்கு அழுத்தம் குறைவு. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார், நமக்குக் கிடைப்பது இரண்டு மீட்டர்கூட இல்லை. கைகழுவ அது தாராளம். குளியல் ஷவர் வேண்டுமென்பவர்கள் 12 வோல்ட் பம்ப் மாட்டுகிறார்கள். ராத்திரி யாரும் குழாயைத் தொடாதபோது அந்தப் பம்ப் டக் டக்கென்று விட்டுவிட்டு ஓடினால் எங்கோ சொட்டுகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் விடிகாலையில் பேட்டரி இறங்கி, வேனைத் தள்ளவேண்டி வரும்.

டூர் முடிந்து வந்ததும் டேங்கைக் காலி செய்து, உலரவிட்டு, வாயில் துணி கட்டி வையுங்கள். அடியில் ஒரு சொம்புத் தண்ணீரை விட்டுவைத்தால் கொசு முட்டையிடும், அடுத்த சீசனில் நாற்றமும் அடிக்கும். வேன் பேசப்போகிறவர்கள் ஏசி, பாட்டு எல்லாம் கேட்ட பிறகு டிரைவரிடம் இதையும் கேளுங்கள்: டேங்கைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பதில் வராவிட்டால் வேறு வேன் பாருங்கள்.