பதினேழாவது இடம்

கால்பந்தைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'ஆஃப்சைட்' என்றால் என்ன என்பதை என் தங்கை மகன் தீக்குச்சிகளை அடுக்கி மூன்று தடவை விளக்கியிருக்கிறான். மூன்று தடவையும் புரிந்தவனைப் போல் தலையை ஆட்டியிருக்கிறேன். இருந்தாலும் 2017ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரில் நான் கழித்த மூன்று வாரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கால்பந்தைத் தவிர வேறு விஷயம் அகப்படவில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஊர் பார்க்கும் ஆசை அல்ல. ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிவந்த தொடர்கதையைப் பதினான்காவது வாரத்தோடு முடித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். கதாநாயகிக்கு அவசரமாக ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்து 'முற்றும்' போட்டேன். அதற்கு முந்திய என் நாவலைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய அதே வாசகர்கள்தான், இந்தத் தடவை கடிதம் எழுதி நிறுத்தச் சொன்னார்கள். "ஐயா, தங்களுடைய பழைய எழுத்தை நினைத்து மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்கிய ஒரு கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொஞ்ச நாள் யார் முகத்திலும் விழிக்காமல் இருக்கலாம் என்றுதான் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன்.

போன இடத்தில் ஊரே இழவு வீடு மாதிரி இருந்தது.

லெஸ்டர் நடுத்தரமான ஊர். ஒரு காலத்தில் காலுறையும் பனியனும் பின்னிய ஊர். பெல்கிரேவ் சாலைப் பக்கம் போனால் குஜராத்தி நகைக் கடைகளும் மிட்டாய்க் கடைகளும் வரிசையாக இருக்கும். அந்த ஊர்க் கால்பந்துக் கோஷ்டி 2015–16 பருவத்தில் பிரிமியர் லீக் கோப்பையை வென்றது. பருவம் ஆரம்பிக்கும்போது பந்தயக்காரர்கள் 1 பவுன் கட்டினால் 5000 பவுன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதாவது, நடக்கவே நடக்காது என்று அர்த்தம். நடந்துவிட்டது. 38 ஆட்டங்களில் மூன்றே மூன்று தோல்வி. இரண்டாவதாக வந்த ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளிகள் அதிகம். கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகளை 2015 மார்ச்சில் முறைப்படி அடக்கம் செய்ததால்தான் அதிர்ஷ்டம் வந்தது என்று சொல்கிறவர்கள் அங்கே உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு மூட நம்பிக்கை கிடையாது என்று நம் ஊரில் யார் சொன்னார்களோ தெரியவில்லை!

பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி, இத்தாலிக்காரர். எதிரிகள் கோல் போடாமல் பார்த்துக்கொண்டால் பீட்ஸா வாங்கித் தருகிறேன் என்று ஆட்டக்காரர்களிடம் சொல்லி, சொன்னபடியே வாங்கியும் கொடுத்தவர். கோப்பை கொடுத்த அன்று இத்தாலியப் பாடகர் ஆந்திரேயா போச்செல்லி மைதானத்தில் நின்று பாட, இவர் பக்கத்தில் நின்றார். அந்தப் படம் என் தங்கை வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கல்யாணப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிய சட்டம்.

ஒன்பது மாதத்தில் எல்லாம் தலைகீழ். நான் போய்ச் சேர்ந்தபோது 2017ஆம் வருஷம் பிறந்து லீக் ஆட்டங்களில் அவர்கள் ஒரு கோல்கூடப் போட்டிருக்கவில்லை. ஆறு ஆட்டம், ஒரு கோல் இல்லை. நான் வந்த பிறகு, மூன்றாம் பிரிவில் இருந்த மில்வால் கோஷ்டி பத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டே எஃப்.ஏ. கோப்பையில் இவர்களை வீட்டுக்கு அனுப்பியது. இருபது கோஷ்டிகளில் கடைசி மூன்றுக்குக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். இவர்கள் இருந்தது பதினேழாவது இடம்.

மாப்பிள்ளை இன்ஜினீயர். எதற்கும் காரணம் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "காண்டேயைச் செல்ஸிக்கு விற்றதில் ஆரம்பித்தது, மச்சான். ரெண்டு பேர் ஓட்டத்தை அந்தச் சின்ன உருவம் ஒண்டியாக ஓடும். வார்டி ஓடுவதற்கு முன்னே எல்லாரும் இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எதிரிகள் பின்னாலேயே நின்றுகொள்கிறார்கள், அவனுக்கு ஓட இடமே இல்லை. நடுவாரத்தில் ஐரோப்பியக் கோப்பை வேறு. அந்த மனுஷருக்கு மாற்று வழி தெரியவில்லை. போய்விட வேண்டியதுதான்."

'போய்விட வேண்டியதுதான்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பதினொரு வயதுப் பையன் தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். தகப்பனும் பிள்ளையும் பேசி நாலு நாள் ஆகிறது என்று தங்கை சொன்னாள். "கோப்பை வந்த அன்றைக்கு ரெண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அண்ணா. இப்போது சாம்பார் வேண்டும் என்று கேட்பதற்குக்கூட என்னிடம்தான் சொல்லி அனுப்புகிறார்கள்."

எனக்கு மாப்பிள்ளையின் பேரில் கோபம் வந்தது. என்னைத் தெரியாத ஒருவர் எனக்கு எழுதிய கடிதத்தையே அவர் வாய்விட்டுப் படிப்பது போல் இருந்தது. ஆனால் அவர் சொன்ன கணக்கில் பிசகு இல்லை. என் தொடர்கதையிலும் பிசகு இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

அடுத்த வீட்டுக் கிழவர் மூன்றாவது கட்சி. பழைய ஃபில்பர்ட் தெரு மைதானத்துக்குத் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து ஆட்டம் பார்க்கிறவர். 2008இல் இந்தக் கோஷ்டி மூன்றாம் பிரிவுக்கே இறங்கியபோதும் சீட்டைப் புதுப்பித்தவர். 1937இல் கோப்பையை வென்ற மான்செஸ்டர் சிட்டி, அடுத்த வருஷமே பிரிவில் எல்லோரையும்விட அதிகக் கோல் போட்டும் கீழே இறங்கிய கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். "இறங்குவது வெட்கமில்லை. ஓடாமல் இறங்குவதுதான் வெட்கம்" என்பது அவர் அபிப்பிராயம். அவருக்குக் கோபம் பயிற்சியாளர் மேல் இல்லை, ஆட்டக்காரர்கள் மேல்.

பிப்ரவரி 22ஆம் தேதி ஸ்பெயினில் செவில்லாவோடு 2–1 என்று தோற்றார்கள். வார்டி ஒரு கோல் போட்டுவிட்டதால், பாதகமில்லை, ஊரில் நடக்கும் மறு ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையன் தூங்கப் போனான். மறுநாள் சாயங்காலம் ரனியேரியை நீக்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வரும்போதே அவர் முகம் சரியில்லை. கேட்டது கிடைத்துவிட்ட மனிதரைப் போல் இல்லை. கூடத்தில் சட்டம் போட்ட படத்துக்கு முன்னால் கோட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார். "இப்படி இல்லை" என்று மட்டும் சொன்னார். எப்படி வேண்டும் என்று நினைத்திருந்தாரோ! பையன் கதவைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை இரவு லிவர்பூலோடு ஆட்டம். டெலிவிஷனில் காட்டினார்கள். ஜனங்கள் ரனியேரியின் முகத்தை அச்சடித்த முகமூடிகளைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தார்கள். இதே மைதானத்தில் டிசம்பரில் வார்டிக்கு ஆடத் தடை விதித்தபோது, 30,000 வார்டி முகமூடிகளைக் கொடுத்தார்களாம். அந்த ஊரில் முகமூடி வியாபாரம் அந்த வருஷம் நன்றாக நடந்திருக்க வேண்டும்.

பையன் கீழே வந்தான். தகப்பன் உட்கார்ந்த சோபாவில் உட்காராமல் என் காலடியில் தரையில் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கிய உடனே எனக்கே தெரிந்தது: ஓடினார்கள். எந்தப் பந்தையும் விடாமல், நாய் துரத்துகிற மாதிரி ஓடினார்கள். 28ஆவது நிமிஷத்தில் வார்டி கோல் போட்டான். பையன் அலறிக்கொண்டு ஒரு முழ உயரம் குதித்தான். குதித்தவன் நின்றான், சுற்றிலும் பார்த்தான், என்னவோ திருடி அகப்பட்டவனைப் போல் மெல்ல மறுபடியும் உட்கார்ந்தான். மாப்பிள்ளை அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. டிரிங்க்வாட்டர் இரண்டாவது கோலைத் தூரத்திலிருந்து அடித்தபோது தகப்பனும் பிள்ளையும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூன்றாவது மறுபடியும் வார்டி. முடிவில் 3–1.

பதினொரு மணிக்குக் கிழவர் திரும்பிவந்த சத்தம் கேட்டு மாப்பிள்ளை வாசலுக்குப் போனார். ஜெயித்துவிட்டு வந்த மனிதர் வாழ்த்துச் சொல்வார் என்று நினைத்தேன். "இந்தக் கால்கள் போன வாரம் எங்கே இருந்தன?" என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளையின் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

நான் பையனின் அறையில்தான் படுத்திருந்தேன். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்தபோது, "மாமா" என்று கூப்பிட்டான்.

"என்னடா?"

"உங்க கதையை நிறுத்திட்டாங்களே, அந்த இடத்தில் வேற யாராவது எழுதறாங்களா?"

"எழுதுகிறார்கள்."

"நீங்க படிச்சீங்களா?"

படிக்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். என் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில், அந்தப் பத்திரிகையின் மூன்று இதழ்கள் இருந்தன.

"படித்தேன்" என்றேன்.

"நல்லா இருந்ததா?"

வெளியே யாரோ இரண்டு பேர் பாடிக்கொண்டு தெருவில் போனார்கள். அவர்கள் முனை திரும்புகிற வரைக்கும் பையன் காத்திருந்தான்.

"நன்றாகத்தான் இருந்தது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூணாவது கோல் நல்லா இருந்தது, மாமா" என்று சொல்லி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.