வெளுத்ததெல்லாம்

என் கல்யாணத்தில் பேசியதற்கு மேல் ஐந்து பவுன் போட வேண்டியிருந்தது. நிறத்துக்காக. யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. "பொண்ணு மாநிறத்துக்கும் கொஞ்சம் கம்மி" என்று தரகர் இழுத்ததை அப்பா புரிந்துகொண்டார். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் நகை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்போது நான் சங்க அகப்பாடல்களில் பெண்ணுடல் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். மாமை என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பதினொரு பக்கம். மாந்தளிரின் நிறம், கருமைக்குள் இருக்கும் ஒளி, தலைவியின் அழகு. தலைவன் பிரிந்தால் அந்த மாமையைத் தின்றுவிடுவது பசலை, பீர்க்கம்பூப்போல மேனியில் படரும் வெளிறல். பசலை கண்டால் தோழி பதறுவாள், தாய்க்குச் சந்தேகம் வரும். அழகாகிவிட்டாய் என்று எவரும் சொல்வதில்லை. இதையெல்லாம் பகலில் எழுதிவிட்டு இரவில் கடலைமாவும் தயிரும் முகத்தில் பூசிக்கொண்டு படுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2011இல் இளைக்கத் தொடங்கினேன். "என்ன டயட் மேடம், நல்லாருக்கீங்க" என்று துறையில் கேட்டார்கள். இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்கவில்லை, அதுதான் டயட். இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இரவில் தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை. பார்த்த மருத்துவர் கேஸ் என்றார். மாதவிலக்கும் முன்னைவிட அதிகமாகப் போகிறது என்றேன். "வேலைக்கும் போறீங்க, வீட்டையும் பாக்குறீங்க, டென்ஷன்தான்" என்றார். எட்டு மாதம் கேஸ் மாத்திரை விழுங்கினேன். அப்புறம் ஏதோ காய்ச்சலுக்காக எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில், 11,000ஐத் தாண்டக் கூடாத வெள்ளணுக்கள் 2,10,000 இருந்தன. மெஷின் கோளாறு என்று நினைத்து லேப் பையன் மறுபடியும் ஊசி குத்தினான். விலாவுக்கடியில் கனத்தது மண்ணீரல். நோயின் பெயர் சி.எம்.எல்., நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். வருடம் 2012. எனக்கு 33 வயது, மகளுக்கு ஐந்து.

எங்கள் ஊரில் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசாமல் எந்த மகளிர் தின விழாவும் முடியாது. 1886இல் இங்கே பிறந்தவர். பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்ற எதிர்ப்புக்கு நடுவில் மன்னரின் அனுமதியோடு மகாராஜா கல்லூரியில் படித்தவர். 1912இல் மருத்துவரானவர். நானே எத்தனையோ மேடைகளில் இதை ஒப்பித்திருக்கிறேன். 1954இல் அவர் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதற்குப் பின்னால், புற்றுநோயில் இறந்துபோன தங்கை இருந்தாள் என்பதையும் சொல்லியிருக்கிறேன். கேஸ் மாத்திரைக்குப் பிறகுதான் அந்தத் தங்கையைப் பற்றி உண்மையாகவே யோசித்தேன். எங்கே வலிக்கிறது என்று அவள் முதலில் யாரிடம் சொல்லியிருப்பாள்?

எனக்குக் கிடைத்தது ஒரு மாத்திரை. இமாட்டினிப், 400 மில்லிகிராம், தினமும் ஒன்று, சாப்பாட்டோடு, ஒரு செம்புத் தண்ணீரோடு. இது 2001இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்னால் என்றால் இன்டர்ஃபெரான் ஊசி அல்லது எலும்பு மஜ்ஜை மாற்று. இரண்டும் வாய்க்காதவர்களுக்குச் சில வருடங்கள்.

இந்த மாத்திரை வந்த வழியில் ஒரு பெண் இருக்கிறாள். 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அந்தத் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற மருத்துவர், நான்கு ஆண் பிள்ளைகளின் தாய், பிள்ளைகளுக்காகப் பல வருடம் பகுதி நேர வேலை மட்டுமே பார்த்தவர், குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். 22ஆம் குரோமோசோமிலிருந்து போன துண்டு 9இல் ஒட்டியிருப்பதை அவர் 1973இல் வெளியிட்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று துண்டு மாற்றிக்கொண்ட இடத்தில் ஒரு புதிய புரதம் உருவாகிறது. அது ஓயாமல் 'பெருகு, பெருகு' என்று வெள்ளணுக்களை விரட்டுகிறது. அந்தப் புரதத்தின் வாயில் போய் அடைத்துக்கொள்வதுதான் என் மாத்திரை. ஆய்வேட்டின் பெரும்பகுதியை நானும் சோற்றுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டுத்தான் எழுதினேன். அதனால் இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

விலை? நான் அன்று கௌரவ விரிவுரையாளர், மாதம் பத்தாயிரம். காப்புரிமைக்காரர்களின் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்றும், இந்திய நிறுவனங்கள் செய்தது 8,000 என்றும் செய்திகளில் வந்துகொண்டிருந்தது. நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் தள்ளுபடி செய்திருந்தது. சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்துப் போட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்சநீதிமன்றமும் மறுத்தது. அன்று ஆசிரியர் அறையில் நாளிதழை வைத்துக்கொண்டு நான் அழுததற்கு, ஏப்ரல் ஃபூல் ஆக்கிவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார்.

பக்கவிளைவுகளுக்கு வருகிறேன். காலையில் இமைகள் வீங்கியிருக்கும். "ராத்திரி சண்டையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கிசுகிசுப்பார். நடுச்சாமத்தில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். முதல் பீரியட் யாப்பருங்கலக்காரிகை எடுக்கும்போது குமட்டும், மாணவிகள் கர்ப்பம் என்று பேசிக்கொண்டார்கள். முடி கொட்டவில்லை. "முடியே கொட்டலை, என்ன கேன்சர்?" என்று நாத்தனார் கேட்டார், நம்பாமல்தான். நோயாளியாக இருப்பதற்கும் ஒரு வேஷப்பொருத்தம் வேண்டும்போல. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்த வருடம் அது. இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவேன், இப்போது முடியாது.

ஆறு மாதத்தில் என் நிறம் மாறியது. முதலில் முகம், பிறகு கைகள். அந்தப் பாழாய்ப்போன புரதத்தை அடைக்கிற மாத்திரை, அதே மாதிரி வாயுள்ள இன்னொன்றையும் அடைக்கிறது. தோலுக்குக் கருமை தருகிற செல்கள் பிழைத்திருக்கவும் வேலை செய்யவும் அது வேண்டும். நம்மைப்போலக் கருத்த தோல்களில்தான் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. மாத்திரையைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும் என்றார் திருச்சி மருத்துவர். ஊர் அதை இழப்பாகப் பார்க்கவில்லை. "கலரு குடுத்துருச்சே!" என்றார் என் மாமியார், ஐந்து பவுன் வாங்கிய அதே வாயால். ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து என்ன கிரீம் மேடம் என்று கேட்டாள். எனக்குப் பசலை படர்ந்திருக்கிறது, கூடியிருந்தவர்கள் குலவை போடுகிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஒரு கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் என்னைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். மருத்துவரிடம், நிறம் திரும்பாமல் இருக்குமா என்று கேட்பதற்காக வாயெடுத்து, வேறெதையோ கேட்டேன்.

2017இல் சிகிச்சைக்கு வந்த இடத்தில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். அறந்தாங்கிப் பக்கம், 23 வயது, பி.காம். அதே நோய், அதே மாத்திரை. ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா என் பக்கத்தில் நகர்ந்து வந்தார். "இவ மாத்திரைக்கு அப்புறம் செவந்துட்டா டீச்சர். நாலு எடம் வருது. ஒண்ணு முடிவாகுற மாதிரி இருக்கு. சத்து மாத்திரைன்னு சொல்லியிருக்கோம்." பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கேட்டாள்: "அங்க போயி மாத்திரைய எங்க மேடம் வைக்கிறது?"

வைப்பதற்கு இடம் கிடைத்தாலும், புதுப்பெண்ணிடம் மூன்று மாதத்தில் விசேஷம் உண்டா என்று கேட்கிற வீடு அது. கருத்தரிப்பதென்றால் நோய் நன்றாக அடங்கியபின் மருத்துவர் பார்வையில் மாத்திரையை நிறுத்தி, அடிக்கடி ரத்தம் பார்த்து, திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஒளித்து வைத்துக்கொண்டு நடக்காது. பயந்து இரண்டு நாளைக்கு ஒன்று என்று விழுங்கினால் நோய் மாத்திரைக்குப் பழகிப்போய்த் திரும்ப வரும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவனிடம் நீயே சொல் என்றும் சொன்னேன். எனக்குச் சொல்வது எளிது. எனக்கு வேலை இருந்தது, பிள்ளை இருந்தது, எந்தப் பரிசோதனைக்கும் கூட வந்து நின்ற கணவர் இருந்தார்.

அவள் சொல்லிவிட்டாள். பூ வைப்பதற்குப் பத்து நாள் முன்னால், போனில். அவன் "சரி, யோசிக்கிறேன்" என்றானாம். மறுநாள் அவன் அம்மா பேசினார். ஒரு மாதத்துக்குள் நோயின் பெயர் அவர்கள் ஊர் முழுக்கப் பரவி, தங்கைக்கு வந்த வரனும் நின்றது. அம்மா என்னை அழைத்து ஒரு வார்த்தைதான் கேட்டார். "ஒங்க பொண்ணா இருந்தா சொல்லியிருப்பீங்களா டீச்சர்?" சொல்லியிருப்பேன் என்றேன். போனை வைத்த பிறகு என் மகள் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அவரிடம் பொய் சொன்னேனா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அதன்பின் அந்த அம்மா என்னைக் கண்டால் வேறு வரிசையில் போய் உட்காருவார். பெண் மட்டும் வந்து பேசுவாள். அறந்தாங்கியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். தங்கைக்கு இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் ஆனது. செலவில் பாதி இவள் சம்பளம்.

போன மாதம் இருவரையும் பார்த்தேன். இமாட்டினிப் ஒத்துக்கொள்ளாமல் நிலோட்டினிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். அது வெறும் வயிற்றில், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் கீழே நன்றாகவே மாமை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாருங்க டீச்சர், மறுபடியும் கறுத்துட்டா."

அவள் கவரிலிருந்து ரிப்போர்ட்டை உருவி என் கையில் வைத்தாள். "அதை விடும்மா. மேடம், பிசிஆர் எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு பாருங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.