கடற்சாமந்திப் பாட்டி

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நார்த் பெர்விக் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கடலோரத்திலிருந்து 1828-ஆம் ஆண்டில் ஜான் கிரஹாம் டாலியல் என்னும் அறிஞர் செந்நிறக் கடற்சாமந்தி ஒன்றை எடுத்துச் சென்று, எடின்பரோ நகரில் கண்ணாடிக் குவளை ஒன்றில் இட்டு வளர்க்கலானார். அவர் சட்டம் பயின்றவர். குழந்தைப் பருவத்திலேயே கால் ஊனமுற்றவர். ஆயினும், அவருடைய உள்ளம் கடல்வாழ் உயிர்களையே நாடிற்று. கடலை நாடி நெடுந்தொலைவு அலைவதினும், கடலின் ஒரு துளியை மேசைமீது வைத்து நாள்தோறும் நோக்குவது அவருக்கு எளிதாக இருந்தது போலும்!

பெயரில் சாமந்தி இருப்பினும் அது பூவன்று, விலங்கே. தட்டுப் போன்ற அடிப்பாதத்தால் அது பாறையைப் பற்றிக்கொள்ளும். உச்சியில் வாய், வாயைச் சூழ்ந்து மெல்லிய உணர்கொம்புகள். அவற்றில் நுண்ணிய கொட்டும் உயிரணுக்கள் நிறைந்துள்ளன. மட்டிச் சதையின் சிறு துண்டு அவற்றின்மேல் பட்டால் போதும். கொம்புகள் வளைந்து அதனை வாயினுள் சேர்க்கும். உண்டபின் எஞ்சிய கழிவும் அவ்வாயின் வழியாகவே வெளிவரும்.

கடல்நீர் வடிந்ததும் அது கொம்புகளை உள்ளிழுத்துச் செந்நிறக் களியுருண்டை போலச் சுருங்கிவிடும். புதிதாய்க் காண்பவர் அது மாண்டதென்றே எண்ணுவர். நீர் மீண்டும் சூழ்ந்ததும் மலர்ந்துவிடும். மலரைப் போல ஓரிடத்தில் நிலைத்திருப்பதாகத் தோன்றினும், இடம் பிடிக்காவிடில் பாதத்தால் மெல்ல ஊர்ந்து வேறிடம் செல்லும். அயற்சாமந்தி நெருங்கினால் போரும் உண்டு! கொம்புகளுக்குக் கீழே நீலமணிகள் போல அமைந்த உறுப்புகளைப் பருக்கச் செய்து, பகையின் உடல்மீது அழுத்திக் கொட்டும்.

இக்காலத்தில் இல்லங்களில் பவளப்பாறைத் தொட்டி வைப்போரும் இவ்வூர்தலைக் கூர்ந்து நோக்குவர். ஒளியோ நீரோட்டமோ ஒவ்வாதபோது சாமந்தி அலையத் தொடங்கும். அலைந்து நீரிறைக்கும் பொறியில் சிக்கினால் சிதைந்து மடியும். தொட்டிநீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி விடுவதால், குறைந்த அளவுக்கு நன்னீரே வார்த்தல் வேண்டும். இதனை மறந்தவர் தொட்டியில் எவ்வுயிரும் நெடுநாள் வாழாது.

டாலியலிடம் நீரிறைக்கும் பொறி இல்லை. புதிய கடல்நீரை அடிக்கடி மாற்றுவது ஒன்றே அவர் அறிந்த வழி. அவ்வளவிலேயே அவ்வுயிர் செழித்தது. அது தன் குஞ்சுகளை உடலினுள் வளர்த்து வாய்வழியே வெளியிடுவதை அவர் எண்ணி எண்ணிக் குறித்து வைத்தார். முதல் இருபது ஆண்டுகளில் 334 குஞ்சுகள்!

1851-ஆம் ஆண்டில் டாலியல் காலமானார். குவளையோ கவிழவில்லை. பேராசிரியர் ஜான் பிளெமிங் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றார். சில ஆண்டுகள் ஈனாதிருந்த அச்சாமந்தி, 1857-ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஒரே இரவில் 200-க்கும் மேற்பட்ட குஞ்சுகளை ஈன்று வியப்பூட்டியது. அவ்வாண்டே பிளெமிங்கும் மறைந்தார். பின்னர் அது கைமாறி, இறுதியில் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவினரின் காவலில் வாழ்ந்தது. 'பாட்டி' என்றே எல்லாரும் அதனை அழைத்தனர்.

1887-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாட்டி இறந்தது. கடலை விட்டு வந்து அப்போது ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்காட்ஸ்மன் நாளிதழ், மாந்தர்க்கு எழுதுவது போலவே, அதற்கும் இரங்கற் செய்தி வெளியிட்டது.