டேலி ஆகாத மொய் நோட்டு

பி.காம் படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு மூன்று லாபம். ஒன்று, கரண்ட் பில் கூடினால் கூப்பிட்டு விசாரிக்கலாம். இரண்டு, "இன்கம்டாக்ஸ் மிச்சம் பண்ண ஒரு வழி சொல்லு" என்று கேட்கலாம். (பதில் தெரியாமல் முழித்தால், "என்னத்தப் படிக்கிறானோ" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கலாம்.) மூன்றாவதுதான் முக்கியம். விசேஷ வீட்டில் மொய் எழுத ஆள் தேட வேண்டாம்!

தாம்பரத்தில் ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு பையன். 2025 மே மாதம் அவனுக்கு ஒரு வேலை வந்தது. புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி தாண்டி உள்ள சொந்த ஊரில், குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. அவனுடைய பெரியப்பாவின் பேத்திக்கு. "நோட்டு, பேனா எல்லாம் ரெடியா வச்சுக்கப்பா" என்று ஒரு வாரம் முன்பே உத்தரவு வந்துவிட்டது.

பெரியப்பா ரிடையர் ஆனவர். ஆனால் ஆபீஸ் அவரை விட்டு ரிடையர் ஆகவில்லை. சனிக்கிழமை பயணத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே மீட்டிங் போட்டார். "காலையில நாலு மணிக்கு வண்டி எடுத்தாகணும். லேட்டா வர்றவங்க பஸ்ல வாங்க."

நாலு மணி. வேன் வந்துவிட்டது. வேனில் இருந்தது டிரைவரும் பெரியப்பாவும்தான்.

நாலரை. ஒருத்தர் குளிக்கிறார். இன்னொருத்தர் அவர் குளித்து முடிக்கக் காத்திருக்கிறார். ஐந்து. பால் வரவில்லை, காபி குடிக்காமல் எப்படிக் கிளம்புவது? ஐந்தரை. எல்லாரும் ஏறியாச்சு. வேன் தெருமுனை திரும்பும்போது பெரியம்மாவுக்கு கேஸ் அணைத்தோமா என்று சந்தேகம். திரும்பி வந்து பார்த்தால் அணைத்துத்தான் இருந்தது. மறுபடி தெருமுனை. இப்போது கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம். கேஸைப் பார்க்க உள்ளே போனவர், வெளியே வரும்போது நிஜமாகவே பூட்டவில்லை!

ஆறு பத்துக்கு வேன் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொட்டது. "நாலுன்னு சொன்னாத்தான் ஆறுக்காவது கிளம்புவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா, ஏதோ அவர் போட்ட பிளான்படியே எல்லாம் நடப்பது மாதிரி.

குடும்பத்தோடு வேனில் போனவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் புளியோதரை டப்பா திறந்தாகிவிடும். மதுராந்தகம் ஏரி வரும்போது "தண்ணி இருக்கா பாரு" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். திண்டிவனத்தில் ஒரு குழந்தைக்கு வாந்தி, உடனே எட்டுத் திசையிலிருந்தும் எலுமிச்சம்பழம் நீளும். விழுப்புரத்தில் டீ. ஒவ்வொரு டோல்கேட்டிலும் பெரியப்பா, "முன்னாடியெல்லாம் இந்த ரோட்ல காசே கிடையாது" என்பார். ஃபாஸ்டாக் வந்த பிறகு வண்டி நிற்காமலே காசு போய்விடுகிறது என்பதில் அவருக்குக் கூடுதல் வருத்தம். நின்று, சண்டை போட்டு, சில்லறை வாங்கிப் பழகிய மனுஷன்.

திருச்சி பைபாஸில் கொள்ளிடம் பாலம் வந்ததும் வேன் முழுக்க வலது பக்கம் சாய்ந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம்! 236 அடி. பல நூறு வருஷம் மொட்டையாகவே நின்று 1987-ல்தான் முழுசாகக் கட்டி முடிக்கப்பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் மட்டும், "எல்லாரும் ஒரே பக்கம் வராதீங்க சார்" என்று கெஞ்சினார்.

இத்தனை மணி நேரத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பேரைப் பற்றியும் வேனுக்குள் பேசியாகிவிட்டது. ஒரே ஒருத்தரைத் தவிர. சித்தப்பா.

பெரியப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு தம்பிகள். நடுத்தம்பிதான் நம்ம பி.காம் பையனின் அப்பா. கடைசித் தம்பி ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறார். 2016 ஆவணியில் அவர் வீடு கட்டிக் குடிபோனபோது பெரியப்பா மொய் எழுதினார், 10,001 ரூபாய். பத்து ஆயிரம் ரூபாய்த் தாளும் ஒரு ஒற்றை ரூபாயும். (அந்தத் தாள்களுக்கு ஆயுசு இன்னும் இரண்டு மாசம்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?) அதன் பிறகு 2019 தை மாதம் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். சித்தப்பா வரவில்லை. போன் கூட இல்லை. அவ்வளவுதான், ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"பத்தாயிரம் பெருசில்ல, மதிக்கல பாரு" என்று பெரியப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

வேன் ஊருக்குள் நுழைந்தது. சித்தப்பா வீடு மெயின் ரோட்டு மேலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோபுரத்துக்கு மொத்தமாகச் சாய்ந்த அதே வேன், இங்கே ஒருத்தர் கூடத் திரும்பவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து செல்போன் பார்த்தார்கள். டவர் இல்லாத இடத்தில்!

இந்த இடத்தில் மொய்யைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே புரியும். அதுவும் அந்தப் பக்கத்து மொய், சாதாரண மொய் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைப்பார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மொய்தான் விசேஷம். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட, ஆளுக்கு ஒரு மேஜையில் மொய் எழுதுவார்கள். வந்த பணத்தில் ஒருத்தர் கடையை விரிப்பார், ஒருத்தர் கிணறு வெட்டுவார். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டில் பேர், ஊர், தொகை. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விதி உண்டு. வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத்தான் திருப்பிச் செய்ய வேண்டும். ஆயிரம் வாங்கினால் ஆயிரத்து ஐநூறாகச் செய்வார்கள். அந்த ஐநூறு புதுக்கணக்கு. ஆயிரத்துக்குச் சரியாக ஆயிரம் மட்டும் வந்தால் "நமக்குள்ள இதோட முடிஞ்சது" என்று அர்த்தம்.

1494-ல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சிட்ட புத்தகத்திலிருந்து இன்றைய பி.காம் சிலபஸ் வரைக்கும் ஒரே பாட்டுத்தான். பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும், டேலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். மொய் நோட்டு இதற்கு நேர் எதிர். டேலி ஆனால்தான் தப்பு!

சனிக்கிழமை ராத்திரி பங்காளி வீட்டுத் திண்ணையில் பெரியப்பா ஒரு மஞ்சப்பையைப் பையனிடம் கொடுத்தார். உள்ளே பழைய நோட்டு, 2019 கல்யாண மொய். "நாளைக்கு யாராவது பழைய கணக்கு கேட்டா பாத்துச் சொல்லு."

பையன் பிரித்துப் பார்த்தான். பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே முதல் வரியிலேயே சித்தப்பா பேர். மற்ற பக்கமெல்லாம் வேறு யாரோ எழுதியது. இந்த ஒரு வரி மட்டும் பெரியப்பாவின் கையெழுத்து. தம்பி மொய்தான் முதலில் வர வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். தொகை போட வேண்டிய இடம் காலி.

மறுநாள் காலை கோயில். குழந்தைக்கு மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். குழந்தை அழுத அழுகையில் மைக்செட் பாட்டே கேட்கவில்லை. அழுகையை நிறுத்த எட்டுப் பேர் எட்டு விதமாகக் கிலுகிலுப்பை ஆட்டி, அதைப் பார்த்துப் பயந்து குழந்தை இன்னும் அழுதது.

பந்தலில் மொய் மேஜை. பையன் நோட்டோடு உட்கார்ந்தான். பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் மைக்கோடு. யார் எவ்வளவு செய்தாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி படிப்பது அவர் டிபார்ட்மெண்ட். "மாமன் சீர்வரிசையோடு... ரூபாய் இருபதாயிரத்து ஒன்று!"

பதினொரு மணிக்கு ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. பின்னால் ஒரு குலை இளநீர் கட்டியிருந்தது. இறங்கியவர் சித்தப்பா.

பந்தலில் பேச்சு நின்றது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் கூடச் சத்தம் இல்லை. அவர் யாரையும் பார்க்காமல் நேராக மேஜைக்கு வந்தார். குலையைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு ஐநூறு ரூபாய்த் தாள், ஒரு ரூபாய் நாணயம். "எழுதிக்கப்பா" என்றார்.

பையன் எழுதினான். 501. மைக்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். பத்தாயிரத்து ஒண்ணுக்கு ஐநூத்து ஒண்ணு என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இன்னும் ஒரு விநாடியில் ஊருக்கே கேட்கப் போகிறது.

டொக்.

மைக் நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதில் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. "கரகரங்குது இது. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்றார்.

பிறகு தம்பியைப் பார்த்தார். "சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"வா."

ஆறு வருஷச் சண்டைக்குச் சமாதானப் பேச்சுவார்த்தை முடிந்தது. மொத்தம் மூன்று வார்த்தை.

இலையில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில்தான் பெரியப்பா கேட்டார், "இளநி எந்தத் தோப்புல?"

"நம்ம தோப்புலதாண்ணே. புயலுக்கு அப்புறம் வச்ச பிள்ளை. இப்பத்தான் முதக்குலை விட்டிருக்கு."

கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தென்னையைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்துவிட்டுப் போன புயல். தாம்பரத்தில் பெரியப்பா அதை டிவியில் பார்த்தார். போன் போட்டு "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். "நல்லா இருக்கோம்ணே" என்று பதில் வந்தது. ஆள் நல்லாத்தான் இருந்தார்கள். மரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கல்யாணம் இரண்டே மாசத்தில்.

"அன்னிக்கு சாஞ்ச மரத்த அறுத்து சூளைக்குப் போட்டுக்கிட்டு இருந்தேண்ணே. அந்தக் காசு ஆள் கூலிக்கே பத்தல. வெறுங்கையோட வந்து பந்தல்ல எப்படி நிக்கறது... நாலு பேர் கேக்க மைக்ல படிப்பாங்க."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று மட்டும் சத்தம் போட்டார். ரசம் கேட்காதவர் இலையில் மூன்று பேர் ரசம் ஊற்றினார்கள்.

ஒருத்தரை மதிக்காமல் வராதவர்கள் உண்டு. மதிப்பதாலேயே வர முடியாதவர்களும் உண்டு. நோட்டில் இரண்டுமே காலி இடம்தான்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பெரியப்பா மொய் மேஜைக்கு வந்தார். அங்கே ஒரு பங்காளி சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் மைக்ல படிச்சீங்க, என் ரெண்டாயிரத்து ஒண்ணுக்கு மட்டும் மைக் ரிப்பேரா?" பெரியப்பா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "பழைய நோட்டை எடு" என்றார். முதல் பக்கத்தைப் பிரித்தார். பையன் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஆறு வருஷமாகக் காலியாக இருந்த இடத்தில் எழுதினார்.

இளநீர் 1 குலை.

"பெரியப்பா, அது தொகை எழுதுற காலம். கூட்டல் எப்படிப் போடுறது?"

"நீதானே பி.காம்? நீயே கண்டுபிடி."

மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் ஏழு மணிக்குத்தான் கிளம்பியது. நடுவில் சித்தப்பா வீட்டில் காபி, முறுக்கு, பழைய ஆல்பம், பெண்கள் எல்லாரும் ஒரு பாட்டம் அழுகை, பிறகு இன்னொரு காபி. வேன் தெருமுனை திரும்பும்போது பெரியம்மாவுக்கு வழக்கம்போலச் சந்தேகம். இந்தத் தடவை நிஜமாகவே மஞ்சப்பையைத் திண்ணையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"திருப்பவா சார்?" என்றார் டிரைவர்.

"வேணாம், தம்பி வீட்டுலதானே இருக்கு. ஆவணியில வந்து எடுத்துக்கலாம்" என்றார் பெரியப்பா.

கூட்டல் இன்னும் போடவில்லை.