கொல்லையில் ஓர் உழவாரம்

தூத்துக்குடியில் அருள்மிகு பாகம்பிரியாள் உடனுறை சங்கரராமேஸ்வரரைக் காலையில் தொழுதுவிட்டு வீடு திரும்பும் அந்த அம்மையார், முதலில் செல்வது அடுக்களைக்கு அன்று, பின்புறத் தோட்டத்துக்குத்தான். அறுபத்தெட்டு வயது. நான்கு பாத்தி அளவே உள்ள அத்தோட்டத்தைக் கணவர் உயிரோடிருந்தவரை கண்போல் காத்துவந்தார். அவர் மறைந்த பின் அந்தப் பொறுப்பு இவருடையதாயிற்று.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையை அம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் பெருகின, தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றது. வெள்ளம் வடிந்தபோது அம்மையாரின் கத்தரியும் வெண்டையும் அழுகிக் கிடந்தன. பாத்திகளின் மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது.

“அம்மா, இனி இதில் என்ன விளையும்? சிமெண்ட் தளம் போட்டுவிடலாம். வண்டி நிறுத்தவும் வசதியாக இருக்கும்” என்றார் மகன். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது.

“தை முடியட்டும் ஐயா. அதுவரை பொறு” என்றார் தாய்.

பொறுக்கச் சொன்னவரால் பொறுக்க முடியவில்லை. ஈரம் காயுமுன்பே மண்வெட்டியை எடுத்துக் கொத்தினார். விளைவு? வெட்டிய சேறு வெயிலில் காய்ந்து செங்கல்போல் இறுகிவிட்டது. கட்டிகளை உடைக்க முயன்று கையில் கொப்புளம் கண்டதே மிச்சம். அன்றிரவு, மகன் சொன்னதே சரியோ என்று கலங்கினார்.

ஏரல் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவந்து விற்கும் முதியவர் ஒருவர்தாம் வழிகாட்டினார். “ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை அப்படியே நின்றால் கொத்தக் கூடாது. விரல் பட்டதும் உதிர்ந்தால் கொத்தலாம்” என்றார். மேலும் ஒன்று சொன்னார்: “உங்கள் ஊர் மணல் தண்ணீரைப் பிடித்துவைக்காது. குளத்து வண்டலைக் காசு கொடுத்து வாங்கி மணற்பாங்கான நிலத்தில் இடுவார்கள். உங்களுக்கு அது வீடு தேடி வந்திருக்கிறது. மேலாகக் கிடந்தால் ஓடாய் இறுகும். மணலோடு கலந்துவிட்டால் உரம்.”

கெடுதி என்று கருதியதே கொடையாயிற்று. உருண்டை உதிரும் நாள்வரை காத்திருந்த அம்மையார், அதன்பின் நாளொன்றுக்கு ஒரு முழம் என்று கொத்தத் தொடங்கினார். ஒரு சாண் ஆழம் வெட்டி, அடி மணலையும் மேல் வண்டலையும் புரட்டிக் கலந்து, மக்கிய சாணத்தையும் வேப்பம்புண்ணாக்கையும் இட்டு, கட்டிகளைப் புழுதியாக்கினார். ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டா என்று வள்ளுவர் கூறியதன் பொருள், அவருக்குக் கைவழியே புரிந்தது.

மூட்டு வலித்தபோதெல்லாம் அவர் நினைத்துக்கொண்டது அப்பர் பெருமானை. எண்பத்தொரு ஆண்டுகள் வாழ்ந்த நாவுக்கரசர், முதுமையிலும் உழவாரப் படையைக் கைவிடவில்லை. திருப்புகலூரில் அவர் திருப்பணி செய்கையில், உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. பரல்கற்களோடு அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். கடலின் அடியில் மூழ்கி முத்தெடுத்த கொற்கைக் கரையில் பிறந்தவர்களுக்கு அவ்வரலாறு வியப்பையே தரும். முத்தையும் கல்லையும் ஒன்றாகக் காணும் கண் எளிதில் வாய்ப்பதோ?

மூன்றாம் பாத்தியைக் கொத்தும்போது மண்வெட்டி எதிலோ மோதி ஒலித்தது. தோண்டிப் பார்த்தார். கணவரின் களைக்கொத்து! வெள்ளம் அடித்துச் சென்றது என்றெண்ணிய பொருள், துருவேறிச் சேற்றுக்குள் கிடந்தது. கழுவித் துடைத்து, அன்று மாலைவரை அதைக் கையிலேயே வைத்திருந்தார். மகன் அதைக் கண்டார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அதற்குப் புதிய காம்பு போடப்பட்டிருந்தது. நான்காம் பாத்தியை மகனே கொத்தினார். சிமெண்ட் பேச்சு அதன்பின் எழவில்லை. வண்டி இன்றும் தெருவில்தான் நிற்கிறது.

மாசியில் விதைத்த தண்டுக்கீரையும் வெண்டையும் சித்திரையில் பயன்தந்தன. சித்திரைச் சதயம் அப்பர் பெருமான் முத்தியடைந்த திருநாள். அன்று குருபூசைச் சமையலுக்கு ஒரு கூடை வெண்டைக்காய் அந்த வீட்டிலிருந்து சென்றது. தாய் பறித்தார்; மகன் சுமந்தார்.

இறுகிய மண்ணை இளக்கக் கருவி மட்டும் போதாது. காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். மனத்துக்கும் அதுவே விதி. நாள்தோறும் ஒரு முழம் கொத்துவோம், விளைவிப்பவன் இறைவன்.