சுற்றிய ஆடும் மங்கிய வீடியோவும்

நம் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதியில் 'ஆடு தலையைச் சாய்க்கிறது, மாடு திடீரென்று நடுங்குகிறது, என்ன செய்யலாம்?' என்று கேட்டு நிறைய பேர் எழுதுகிறார்கள். நேரில் பார்க்காமல் டாக்டர் என்ன சொல்ல முடியும்? வீடியோ எடுத்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஆனால், அதில் ஏதாவது தெரிய வேண்டுமே! நான் பட்ட பாடு மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மேச்சேரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். சோளமும் நிலக்கடலையும் மழை விட்ட வழி. கையில் காசு புரள்வது பதினெட்டு மேச்சேரி செம்மறி ஆடுகளால்தான். போன ஆடி மாதம், அதில் நல்ல பெட்டை ஆடு ஒன்று மேய்ச்சலில் இருந்து திரும்பியதும் பட்டிக்குள் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மேயும்.

ஆட்டை வண்டியில் ஏற்றி கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே போனதும் கல்லு மாதிரி நேராக நின்றது. டாக்டர் சிரித்துவிட்டு, "சுத்துறப்ப ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. எந்தப் பக்கம் சுத்துது, தலை எந்தப் பக்கம் சாயுது, கால் எப்படி வைக்குது, மூணும் தெரியணும்" என்றார்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். மகன் 2011-ல் கல்லூரிச் சுற்றுலாவுக்காக வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா பீரோவில் கிடந்தது. அதை எடுத்து, இருட்டிய பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் எடுத்தேன். மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "ஏதோ நெழல் ஆடுதுங்க. எது தலை, எது வாலுன்னே தெரியலையே" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த வாரமே ஆட்டு வியாபாரி வந்தார். எட்டாயிரத்துக்குக் குறையாத ஆட்டை மூவாயிரத்துக்குக் கேட்டார். "வந்த காசுக்குத் தள்ளி விடுங்க" என்றாள் வீட்டுக்காரி. எனக்கு மனசு வரவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு கல்யாண போட்டோ எடுக்கும் தம்பியிடம் போனேன்.

"கேமரா மேல குத்தமில்லீங்கண்ணா" என்று சொல்லி அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில், லென்ஸ் மேல் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் பவுடர் மாதிரி புழுதியும். ஊதிவிட்டு, பழைய சுத்தமான பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தார். பாதி மங்கல் அதிலேயே போனது.

இரண்டாவது, வீடியோ அளவு 320-க்கு 240 என்று இருந்தது. ஒரு திருவிழாவின்போது கார்டில் நிறைய இடம் வேண்டும் என்று பையன் குறைத்து வைத்தது. மெனுவில் போய் 1280-க்கு 720 என்று மாற்றினார். அந்த வசதி இல்லாத பழைய கேமராவில் 640-க்கு 480 வைத்தாலும் போதுமாம்.

மூன்றாவது வெளிச்சம். சின்ன கேமராவுக்கு உள்ளே இருக்கும் சென்சார், நகத்தளவுதான். இருட்டில் அது திணறிப் படத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டும். ஆடு நகர்ந்தால் இழுத்த மாதிரி தெரியும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும்.

நான்காவது ஜூம். ஓர் அளவுக்கு மேல் ஜூம் செய்தால் கேமரா கிட்டே போவதில்லை, படத்தை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். "நீங்களே ரெண்டு எட்டு கிட்டே போயிடுங்க" என்றார். மெமரி கார்டும் மந்தமானது. பாதியில் பதிவு நின்றுபோனதற்கு அதுதான் காரணம். கார்டின் மேல் வட்டத்துக்குள் 4, 6, 10 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட வேகம் கூடும்.

அடுத்த நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஆட்டைப் பட்டிக்கு வெளியே களத்தில் விட்டேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால். கேமரா ஆடாமல் இருக்க முழங்கையைக் கம்பத்தில் ஊன்றிக்கொண்டேன். முதலில் பக்கவாட்டில் முழு உடம்பு, பிறகு முகம், கடைசியாக மாட்டுவண்டி மேல் ஏறி நின்று மேலிருந்து சுற்றும் வட்டம். மொத்தம் இரண்டு நிமிடம்.

டாக்டர் ஒரே முறைதான் பார்த்தார். "எப்பவும் இடது பக்கமே சுத்துது, தலையும் அங்கேயே சாயுது, வலது பக்கம் இருக்கிற கல்லைப் பார்க்காம முட்டுது. மூளையில நீர்க்கட்டி இருக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு முன்னால எந்த ஆடாவது இப்படிச் செத்துச்சா? வீட்டுல நாய் இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு முந்தின வருடம் ஒரு குட்டி இப்படித்தான் சுற்றிச் சுற்றிச் செத்தது. அதன் தலையை நாய்க்குப் போட்டது நான்தான். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் இளம்பருவமாம். நாய் அந்த மூளையைத் தின்றால் அதன் குடலில் புழு வளரும். நாய்ச் சாணத்தில் வரும் முட்டை புல்லில் ஒட்டி, மறுபடி ஆட்டின் வயிற்றுக்குப் போகும். நோயை நானே வளர்த்திருக்கிறேன்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மண்டையோட்டைத் தடவி, மெலிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்து, தண்ணீர் நிறைந்த பையை எடுத்தார்கள். எல்லா ஆடும் இதில் பிழைப்பதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆடு பிழைத்தது. வலது கண் பார்வை கொஞ்சம் குறைவுதான்; ஆனால் தையில் குட்டி போட்டது.

இப்போது டாக்டர் சொன்ன அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிறோம். செத்த ஆட்டின் தலையை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறோம். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கிவிடும், 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். எங்கள் கேமரா இப்போது பீரோவில் இல்லை. சார்ஜ் ஏற்றி, பட்டிக்குப் போகும் வழியில் ஆணியில் தொங்குகிறது.