போட்டால் சாப்பிட்டாக வேண்டும்

"போட்டா சாப்பிட்டே ஆகணும்ணே. சாப்பிட நேரம் இல்லைன்னா போட்டுடாதீங்க." மீஞ்சூர் பஜாரில் நாங்கள் மாத்திரை வாங்கும் மெடிக்கல் ஷாப்காரர், அட்டையை நீட்டும்போதெல்லாம் என் பெரியப்பா மகனிடம் இதைச் சொல்வார். அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் டூட்டி பார்க்கிறவர். அவருக்கு இது பிடிபடவில்லை. "சர்க்கரையைக் குறைக்கத்தானேடா மாத்திரை? சாப்பிடாம இருந்தா இன்னும் நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு ஒப்புகிற பதில் என்னிடம் இல்லை. அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அதனால்தான்.

அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன: கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து என்பது அண்ணனுக்கே அன்றுதான் தெரிந்தது. பழைய மருத்துவக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டே போனதில், இரண்டின் கதையும் வெவ்வேறு வழியாக பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் கிளிமிபிரைடு. இதன் மூதாதை சர்க்கரை நோய்க்கான மருந்தே இல்லை. 1942-ல், போர்க்காலத்தில், தெற்கு பிரான்சின் மான்பெல்லியே நகர மருத்துவமனையில் மார்செல் ஜான்பான் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் சிலருக்கு வலிப்பு வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஜான்பான் இதைத் தன் சக ஆய்வாளர் ஒகுஸ்த் லூபாத்தியேவிடம் சொன்னார். லூபாத்தியே நாய்களுக்கு அதே மருந்தைக் கொடுத்தார். கணையம் இருந்த நாய்களுக்குச் சர்க்கரை குறைந்தது, கணையத்தை எடுத்துவிட்ட நாய்களுக்குக் குறையவில்லை. மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

இதைப் படித்தபோது அண்ணனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இந்த வகை மருந்து, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. உள்ளே போனால் இன்சுலினைச் சுரக்க வைக்கும், சர்க்கரை இறங்கும். மான்பெல்லியேவில் டைபாய்டு நோயாளிகளைச் சாய்த்த அதே குணத்தைத்தான் அளந்து, அடக்கி, இன்று மருந்தாகக் கொடுக்கிறார்கள். 1950-களின் நடுவில் கார்புட்டமைடு, டால்புட்டமைடு, பிறகு கிளிபென்கிளமைடு, 1990-களில் கிளிமிபிரைடு என்று அந்தக் குடும்பம் வளர்ந்தது. கடைக்காரர் சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன.

எங்கள் ரயில் பாதையில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி மருத்துவமனை. அங்கே டாக்டர் மு. விசுவநாதன் 1948-ல் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது இந்த மாத்திரைகளில் ஒன்றுகூட விற்பனைக்கு வந்திருக்கவில்லை. உணவுக் கட்டுப்பாடும் இன்சுலின் ஊசியும்தான்.

மெட்ஃபார்மினின் வேர் ஒரு செடியில் இருக்கிறது. ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை நாட்டு மருந்தாகப் பயன்படுத்தினார்கள், ஆனால் அதை மேய்ந்த ஆடுகள் செத்தும் இருக்கின்றன. அதிலிருக்கும் குவானிடின் வகைப் பொருள் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் அது நஞ்சும்கூட. 1922-ல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் மெட்ஃபார்மினைச் செய்தார்கள். அதே காலத்தில் இன்சுலின் வந்துவிட்டதால் இதை யாரும் சீந்தவில்லை. பாரிஸில் ழான் ஸ்டெர்ன் 1957-ல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். இது கணையத்தை விரட்டுவதில்லை, ஈரல் சர்க்கரையை உற்பத்தி செய்து ரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. அதனால் தனியாகப் போட்டால் லோ சுகர் வருவது அரிது.

ஆனால் அதன் உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிர்களைப் பறித்தது. அமெரிக்காவில் 1977-ல் அதை நிறுத்தினார்கள். இந்தியாவில் தடை 2003-ல்தான் வந்தது. கால் நூற்றாண்டுத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. மெட்ஃபார்மினில் அந்த ஆபத்து மிகக் குறைவு. சிறுநீரகம் மோசமாகக் கெட்டிருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். கிரியாட்டினின் சோதனை எழுதிக் கொடுத்தால் தட்டிக் கழிக்கக் கூடாது என்பது இதனால்தான். வாந்தி, பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போதும், சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கும் முன்பும், மெட்ஃபார்மின் போடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிய குடியும் இந்த மாத்திரையும் சேரவே கூடாது.

இரண்டையும் ஒன்றாக்கியதில் நியாயம் உண்டு. இரு வழியிலும் சர்க்கரை குறைகிறது, விழுங்கும் எண்ணிக்கையும் குறைகிறது. ஆனால் கூட்டு மருந்து என்றாலே நல்லது என்று சொல்ல முடியாது. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது சர்க்கரை நோய்க்கான சில மும்மருந்துக் கலவைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. கம்பெனிகள் நீதிமன்றம் போக, மறு ஆய்வுக்குப் பிறகு 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை வந்தது. நம் இரட்டை மாத்திரை அதில் இல்லை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒன்றை மட்டும் கூட்டவோ நிறுத்தவோ முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் அட்டையில் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறாக இருக்கலாம். 2 இருக்கும் இடத்தில் 1 என்றால் கிளிமிபிரைடு பாதி.

எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் மெதுவாகக் கரையச் செய்யப்பட்டது. அதை உடைக்காமல், மெல்லாமல், முழுதாக விழுங்க வேண்டும். கரைந்த பிறகு அதன் கூடு மலத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். வருடக் கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். கால் மரத்துப் போனால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு கவலை எனக்கு இருக்கிறது. அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டி என்று வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். கேண்டீன் டிபன் தாமதமாகிறது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க லேப் வரிசையில் நிற்கும் காலையிலும் பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். விரத நாளிலும் அப்படியே. ஷிப்ட் மாறும் வாரத்தில் எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள்.

கை நடுங்கி, வியர்த்து, பசி எடுத்து, பேச்சு குழறினால் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால், அல்லது சோதிக்க வழியில்லை என்றால், உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் மறுபடி குடியுங்கள், தெளிந்ததும் சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்யும், சரியான பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் அன்றே டாக்டரைப் பாருங்கள். உங்களோடு ஷிப்டில் நிற்கும் ஒருவரிடமாவது இந்த மாத்திரை போடுகிறீர்கள் என்று சொல்லி வையுங்கள்.